ஆசிரியர் வேலைநிறுத்தம்: பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு திரட்டுவது?

கேள்வி: எங்கள் பகுதி ஆசிரியர்கள் அடுத்த வாரம் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள். பள்ளியில் கிடைக்கும் இலவசச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகள் நிறைய. பெற்றோர் சிலர் சேர்ந்து நிதி திரட்டப் போகிறோம். எவ்வளவு தேவைப்படும்?

பதில்: தொகையை அப்புறம் பார்க்கலாம். பள்ளிச் சாப்பாட்டுக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் பணம் என்ன ஆகிறது என்று முதலில் கேளுங்கள். சமையல் ஊழியர்கள் பெரும்பாலும் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதில்லை. அவர்கள் வருவார்களா, சமையலறை திறக்குமா என்று கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில், தொழில் தகராறால் பள்ளி மூடினால், கோடைக்கால உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் சாப்பாடு கொடுத்து அரசிடம் பணம் பெற விதியிலேயே இடமிருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஏதாவது இருந்தால், நீங்கள் நிரப்ப வேண்டிய பள்ளம் பாதியாகக்கூடக் குறையலாம்.

அடுத்து, சங்கத்திடம் பேசுங்கள். தயங்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடியபோது, போராடிய ஆசிரியர்களே உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். எந்தப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பெயர்ப் பட்டியலைப் பள்ளி தராது, தரவும் கூடாது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். வரும் பிள்ளையிடம் வருமானச் சான்று கேட்காதீர்கள். கேட்டால் உண்மையிலேயே பசித்தவர்கள்தான் முதலில் வராமல் போவார்கள். யார் வந்தாலும் கொடுங்கள். தேவையில்லாதவர்கள் ஒரு சிலர் வாங்கிப்போனால் போகட்டும்.

சரி, கணக்கு. பிள்ளைகள் எண்ணிக்கை, ஒரு சாப்பாட்டின் செலவு, நாட்கள் மூன்றையும் பெருக்குங்கள். வேலைநிறுத்தம் என்று முடியும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், ஐந்து நாளுக்குத் திரட்டுங்கள்; நீடித்தால் மறுபடி கேட்கலாம். பள்ளிப் பேருந்து ஓடாது என்பதால் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடங்களுக்குச் சாப்பாட்டைக் கொண்டுபோகும் வண்டிச் செலவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வசதி இல்லையென்றால் சமைத்துக் கொடுக்க வேண்டாம், கெடாத பொட்டலமே மேல். அடுப்பு உள்ள வீடுகளுக்கு மளிகைக் கூப்பன் கொடுத்தால் வேலை இன்னும் சுலபம்.

பணத்துக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. வேண்டுகோளில் போராட்டத்தின் நியாய அநியாயத்தை எழுதாதீர்கள். இரு பக்கத்தாரும் பணம் தரட்டும். மூன்றே நாளில் பள்ளி திறந்துவிட்டால் மிச்சம் எங்கே போகும் என்பதையும் அதிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.