லண்டனில் உள்ள கிளைம்பிங் ஜிம்களில், அதாவது செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் கூடங்களில், வாடிக்கையாளராக உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? புதிதாகப் போகிறவருக்குக் கொடுக்கும் காசு தகுமா?

தகும். ஆனால் நாம் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் தகும். பெரும்பாலானோர் சுவரின் உயரத்தையும் கட்டடத்தின் பளபளப்பையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சில ஆண்டுகளாக வடக்கு லண்டனிலும் கிழக்கு லண்டனிலும் உள்ள கூடங்களுக்கு மாறி மாறிச் சென்றுவரும் என்னைக் கேட்டால், சுவர் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் பிடிகளைப் பொருத்தி வழி அமைக்கும் ரூட் செட்டர்களும், தரையில் நின்று கவனிக்கும் ஊழியர்களுமே ஒரு கூடத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறார்கள் என்பேன். நான் இதில் திறமைசாலி அல்லன். ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரமும், அலுவலக நாற்காலியிலேயே இறுகிப்போன முதுகும் உடைய, நாற்பதைக் கடந்த ஒரு வாடிக்கையாளரின் கருத்தாகவே இதைப் படியுங்கள்.

இங்குள்ள சுவர் ஏற்றத்தில் இரண்டு வகை உண்டு. கயிறே இல்லாமல், நான்கு அல்லது நாலரை மீட்டர் உயரச் சுவரில் ஏறி, கீழே தரை முழுவதும் விரித்திருக்கும் கனத்த மெத்தையின் மேல் இறங்கவோ விழவோ செய்வது போல்டரிங். இடுப்பிலும் தொடைகளிலும் ஹார்னஸ் என்ற பட்டைக் கச்சையை மாட்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மீட்டரும் அதற்கு மேலும் ஏறுவது மற்றொன்று. போல்டரிங்குக்குக் கயிறு பிடிக்க ஆள் வேண்டாம், முடிச்சு கற்க வேண்டாம், தனியாகவே வரலாம். நடத்துபவருக்கும் உயரமான கட்டடம் தேவையில்லை, பழைய கிடங்கோ ரயில் பாலத்தின் வளைவோ போதும். புதியவருக்கு முதலில் அதையே பரிந்துரைப்பேன்.

வாசலில் முதல் வேலை படிவம். பிரிட்டிஷ் மலையேற்ற அமைப்பான பி.எம்.சி. வகுத்த வாசகம் ஒன்று பெரும்பாலான கூடங்களின் படிவத்தில் இருக்கும். ஏறுதல் என்பது காயமோ மரணமோ நேரக்கூடிய செயல், பங்கேற்பவர் அதை உணர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டும், தம் செயலுக்குத் தாமே பொறுப்பு என்பது அதன் சாரம். முதல் நாள் என் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு, "இதுக்கா காசு குடுத்து வந்தோம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரிக்குப் பிறகு ஊழியர் என்ன செய்கிறார் என்பதில்தான் கூடத்தின் தரம் தெரியும். சில இடங்களில் திரையில் நான்கைந்து கட்டங்களை நாமே டிக் செய்துவிட்டு உள்ளே போய்விடலாம். நல்ல கூடத்தில் ஒருவர் நம்மோடு மெத்தை வரை வந்து, விழுவது எப்படி என்பதைத் தாமே விழுந்து காட்டுவார்: இரண்டு பாதங்களும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், அப்படியே பின்னால் முதுகின் மேல் உருள வேண்டும், கைகளை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது இயல்பான அனிச்சைச் செயல்; மணிக்கட்டும் முழங்கையும் போவது அதனால்தான். மெத்தை இருக்கிறதே என்று ஒற்றைக் காலில் தாறுமாறாக இறங்குபவர்கள் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்கிறார்கள். மற்றவர் ஏறிக்கொண்டிருக்கும் சுவரின் அடியில் நடக்கக் கூடாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னால் எரிச்சல்படாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மூன்றாவது முறையாக வீட்டிலேயே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடகைக் காலணி கொடுத்த இளம்பெண் எங்கள் விரல்களைப் பார்த்து மோதிரங்களைக் கழற்றச் சொன்னார். உடல் எடை முழுவதும் ஒரு கையில் தொங்கும்போது மோதிரம் பிடியில் மாட்டினால் விரலின் தோலும் சதையும் சேர்ந்து உரிந்துவிடும் என்று காரணத்தையும் சொன்னார். பிறகு என் மனைவியின் பாதத்தைப் பார்த்து, இதையும்தான் என்று மெட்டியைக் காட்டினார். அந்தக் காலணி வழக்கமான அளவைவிட இறுக்கமாக, கால்விரல் நுனியை முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குள் மெட்டிக்கு இடமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்ததோ என்னவோ, அந்தப் பெண் அவசரப்படுத்தாமல், மெட்டியைப் போட்டுவைக்க ஒரு சிறிய காகித உறையை எடுத்து வந்து நீட்டினார். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டால் போதுமா என்று கேட்டதற்கு, கழற்றுவதே நல்லது, அதற்கு மனமில்லையென்றால் விளையாட்டு உள்ளாடைக்குள் இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னார். நாங்கள் அந்தக் கூடத்துக்கே திரும்பத் திரும்பப் போனதற்கு அவரும் ஒரு காரணம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி விரிவுரையாளர், நடைக்கூடத்துச் செங்கல் சுவரில் கற்களைப் பதித்து மாணவர்களுக்குப் பயிற்சிச் சுவர் ஒன்றை அமைத்தார். இன்றைய கூடங்களின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பதித்த கல் பதித்தபடியே இருந்தது. விரலுக்கு வலிமை சேர்க்க அது போதும், ஆனால் வாரந்தோறும் காசு கொடுத்து வர வைக்காது. ஷெஃபீல்டில் 1991இல் தி ஃபவுண்ட்ரி திறந்தபோது இது ஒரு தொழிலாகவே வேரூன்றத் தொடங்கியிருந்தது. இடையில் வந்த பெரிய மாற்றம் கழற்றி மாட்டக்கூடிய பிடிகள். இன்றைய சுவர் என்பது துளைகள் நிறைந்த ஒட்டுப்பலகை. துளைகளின் பின்புறம் நட்டு பதித்திருக்கும். பிசினால் வார்த்த வண்ணப் பிடிகளை முன்பக்கமிருந்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். ஒரே நிறப் பிடிகள் சேர்ந்து ஒரு வழி. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பகுதிச் சுவரை முழுவதும் கழற்றி, பிடிகளைக் கழுவி, புதிய வழிகளை அமைக்கிறார்கள். இப்படி வந்துகொண்டேயிருக்கும் புதிர்களுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். செய்தித்தாளில் குறுக்கெழுத்துக்காகவே சந்தா கட்டுபவர்களைப் போல.

ஒரு வேலை நாள் காலையில், கூட்டமில்லாத நேரத்தில், செட்டர்கள் வேலை செய்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறடியைத் தாண்டிய ஓர் ஆண், என்னைவிடக் குட்டையான ஒரு பெண். அந்த ஆண் ஒரு நீலப் பிடியை முடுக்கிவிட்டு எளிதாக எட்டித் தொட்டார். அந்தப் பெண் ஏறியபோது ஒரு சாண் எட்டவில்லை. தாவினால் தொடலாம், ஆனால் அந்த வழி தொடக்கநிலையினருக்கானது. பிடியைக் கீழே இறக்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இடப்பக்கம் கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு கால்பிடியைச் சேர்த்து, மேலே உள்ள நீலப் பிடியைச் சற்றே இடப்பக்கம் திருப்பி வைத்தார்கள். இப்போது குட்டையானவர் அந்தக் கால்பிடியில் ஏறி நின்று, பக்கவாட்டில் சாய்ந்து பிடியை எட்டலாம். உயரமானவருக்கோ அந்தச் சாய்வினால் பழைய வசதி போய்விட்டது. இருவரும் மறுபடி ஏறிப் பார்த்துவிட்டுத்தான், வழி எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் தர எண்ணைத் தீர்மானித்தார்கள். கயிறு, மெத்தை, சுவர் எல்லாவற்றையும்விட இந்த அரைமணி நேர உழைப்பே என் பணத்துக்கான பொருள் என்று அன்றைக்குத் தோன்றியது.

செட்டர்கள் இப்படி உழைக்காத கூடத்தில் வழிகள் எல்லாம் ஏணியாக இருக்கும்: மேலே ஒரு பெரிய பிடி, அதற்கு மேலே இன்னொரு பெரிய பிடி, கடினமாக்க வேண்டுமானால் இடைவெளியை மட்டும் கூட்டிவிடுவார்கள். அங்கே தோள்வலிமை உள்ளவர் ஜெயிப்பார், மற்றவர்கள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள். நல்ல வழி உடலுக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுக்கும். படிக்க வந்திருக்கும் என் மைத்துனன், ஏறுபவரைவிட்டு அப்பால் சற்றே சாய்ந்த சுவர் ஒன்றில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு தொங்குவதைக் கீழே இருந்து பார்த்துவிட்டு, "மாமா, கையாலயே ஏறுறீங்க. கால்மேல எந்திரிச்சு நில்லுங்க" என்றான். அந்தச் சுவரில் கைக்கு உருப்படியான பிடியே கிடையாது. பிடி இல்லாமல் வைத்ததே செட்டரின் உத்தி. இடுப்பைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி, எடையைக் கால் கட்டைவிரல் நுனிக்குக் கொண்டுவந்தால் கையின் தேவையே பாதியாகக் குறைந்துவிடுகிறது. அவன் உறவுக்காரன் என்பதால் கேட்டேன். முன்பின் தெரியாதவர்கள் கேட்காமலே யோசனை சொல்ல வருவார்கள். பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் என்று என் மனைவி சொல்கிறார். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கயிறோடு ஏற விரும்பினால் ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில், கிரீன் லேன்ஸ் சாலையில் உள்ள தி காசிலை ஒருமுறையாவது பாருங்கள். 1850களில் நீரேற்று நிலையமாகக் கோட்டை வடிவில் கட்டிய கட்டடம். 1995 முதல் ஏற்றக் கூடமாக இயங்குகிறது. பின்னால் தோட்டம் வைத்து, அதில் விளையும் காய்களையும் கீரையையும் தங்கள் உணவகத்திலேயே பயன்படுத்துகிறார்கள். கயிற்றுப் பகுதியில் விதிகள் கடுமையாக இருப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். இங்கே எந்தக் கூடமானாலும், முடிச்சுப் போடவும் கீழே நின்று கயிறு பிடிக்கவும் தெரியும் என்று ஊழியர் முன் செய்துகாட்டினால்தான் தனியாக விடுவார்கள். இல்லாவிட்டால் அறிமுக வகுப்பில் சேர வேண்டும், அல்லது பதிவு பெற்ற ஒருவரின் பொறுப்பில் ஏற வேண்டும். இது பணம் பிடுங்கும் வேலை என்று குறைப்படுபவர்களுக்கு லின் ஹில்லின் கதையைச் சொல்வேன். உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவரான அவர், 1989இல் தெற்குப் பிரான்சில் உள்ள புய்யூவில் இடுப்பு முடிச்சை முழுவதும் போட்டு முடிக்காமலே ஏறிவிட்டு, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது இருபது மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்ப்பதை அனுபவசாலிகளும் விடாமல் செய்வது இதனால்தான்.

ஆள் துணை இல்லாதவருக்கு ஆட்டோ பிலே என்ற கருவி உண்டு. உச்சியில் பொருத்திய பெட்டியிலிருந்து ஒரு பட்டை இறங்கும். அதை ஹார்னஸில் மாட்டி ஏறினால் தளர்வைத் தானே சுருட்டிக்கொள்ளும், கையை விட்டால் மெதுவாகக் கீழே இறக்கும். பல கருவிகளில் காந்தத்தைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். கருவி கைவிடுவது அரிது. பட்டையை மாட்ட மறந்து ஏறிவிடுவதே இதில் உண்மையான ஆபத்து. தொடக்கப் பிடிகளை மறைத்தபடி முக்கோணத் திரை ஒன்றைக் கட்டியிருப்பார்கள், ஏறுபவர் மாட்டிக்கொள்வதற்காகப் பட்டையை அதிலிருந்து கழற்றினால்தான் அது விலகும். அந்தத் திரையைச் சுற்றிக்கொண்டு ஏற யாரையும் அனுமதிக்கிற கூடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கூடத்தில், வார இறுதியில் ஒரே நேரத்தில் இரண்டு பிறந்தநாள் கூட்டங்களை ஏற்றுக்கொண்டு, முழுக் கட்டணம் கொடுத்த மற்றவர்களைப் பாதிச் சுவருக்குள் ஒதுக்கினார்கள். முன்பதிவின்போது அது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, இணையதளத்தில் நாள்காட்டி இருக்கிறதே என்றார்கள். அதே இடத்தில் பிடிகளை மாற்றாமலே மாதங்கள் ஓடின; வியர்வையும் கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடியும் காலணி ரப்பரின் கறையும் படிந்து வழுவழுத்துப்போன பிடிகளை நம்பிக் கை வைக்க முடியவில்லை. புதியவரை மகிழ்விக்கத் தர எண்ணைத் தாராளமாகப் போடுவதும் உண்டு. போல்டரிங்கில் எண் கூடக் கூட வழி கடினம். அங்கே வி4 ஏறிவிட்டேன் என்று பூரித்தவர் அடுத்த கூடத்தின் வி2வில் தொங்குவார். எண்ணைக் கூடத்துக்குக் கூடம் ஒப்பிடாமல், ஒரே கூடத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்வது மனதுக்கு நல்லது.

இந்த விளையாட்டு டோக்கியோவில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2024இல் பாரிசில் பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ் போல்டரிங்கும் லீடும் (ஏறுபவரே கயிற்றை வழியில் மாட்டிக்கொண்டு உயரச் சுவரில் ஏறுவது) இணைந்த பிரிவில் தங்கம் வென்றார். மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் பார்க்கப்போகும் நெரிசலில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

செலவைப் பொறுத்தவரை, லண்டனில் ஒரு நாள் நுழைவுக்குப் பொதுவாக 15 பவுண்டை ஒட்டியும் காலணி வாடகைக்குத் தனியாகச் சில பவுண்டுகளும் ஆகும். பல இடங்களில் வேலை நாள் பகலில் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. கால் நகத்தை முன்தினமே வெட்டிவிடுங்கள். முதல் நாளிலேயே சொந்தக் காலணி வாங்க வேண்டாம். காலின் வடிவத்துக்கு எந்த அச்சு பொருந்தும் என்பது வாடகைக் காலணிகள் சிலவற்றில் ஏறிய பிறகுதான் தெரியும். மாதச் சந்தாவுக்கும் அவசரம் வேண்டாம். கூட்டமான ஒரு மாலையும் கூட்டமில்லாத ஒரு பகலும் போய்ப் பார்த்துவிட்டு, எந்தச் சுவரை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். தேதியோடு பதில் சொல்கிற கூடத்தில் சேருங்கள்.