நடுக்கடலில் சூறைக்காற்று, முறியும் கம்பிகள்: முதலில் செய்ய வேண்டியது என்ன?

டிசம்பரில் கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு, 40 அடி பாய்மரப் படகில் நால்வரில் ஒருவராகச் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார்: இரவில் வரும் சூறைக்காற்றை எப்படிச் சமாளிப்பது? கரை எட்டாத தொலைவில் ஏதேனும் உடைந்தால் முதலில் என்ன செய்வது?

இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். ஏறத்தாழ 2,700 கடல் மைல் நீளும் அந்த வழியில் வியாபாரக் காற்று (கிழக்கிலிருந்து மேற்காக நிலையாக வீசும் காற்று) இரண்டு மூன்று வாரங்கள் படகைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க, கயிறும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியும் இரவு பகலாக ஆடித் தேய்கின்றன. அப்படித் தேய்ந்திருப்பதை முறித்துப்போடுவது பெரும்பாலும் சூறைக்காற்றில் சுருக்கப்படாமல் நின்ற பாய்தான்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகும். பின்காற்றில் ஓடும்போது இது உடலுக்கு உறைப்பதில்லை. 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) காற்றில் 7 நாட் வேகத்தில் செல்லும் படகில் நிற்பவர் உணர்வது 15 நாட் மட்டுமே. ஆகவே கருவியில் காற்றின் உண்மையான வேகத்தைப் பார்த்தே முடிவெடுங்கள்.

மழை குளிர்வித்த காற்று மேகத்திலிருந்து கீழிறங்கிக் கடல்மட்டத்தில் பரவுவதால், முதல் அடி பெரும்பாலும் மழைக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடும். நிலவில்லாத இரவில், காற்று வரும் பக்கத்தில் அடிவானத்து விண்மீன்கள் மறைவதே எச்சரிக்கை; ரேடாரில் மழைத்திரள் அதற்கும் முன்பே தெரியும். பெரும்பாலான சூறைகள் அரைமணி நேரத்துக்குள் கடந்துவிடும். அதன்பின் காற்று திடீரென விழும்போது, அலையின் ஆட்டத்தில் பாய் படபடவென்று அடித்துக்கொள்வதும் இணைப்புகளை உடைக்கக்கூடியது என்பதை மறக்க வேண்டாம்.

பின்காற்றில் பெரிய பாய் பக்கக் கம்பிகளின் மேல் அழுந்திக்கிடப்பதால் அதைச் சுருக்குவது கடினம். அதற்காகப் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினால், அதுவரை கழிந்துகொண்டிருந்த படகின் வேகம் காற்றோடு கூடி, தளத்தில் நிற்பவர் மேல் முழு வலிமையுடன் அறையும். எனவே பொழுது சாயும்போதே பெரிய பாயை இறக்கிவிட்டு, கழி கொடுத்து விரித்த முன்பாயை மட்டும் கொண்டு இரவைக் கடத்துவதையே நான் விரும்புவேன். கழியை அசைக்காமலேயே, முன்பாயை உள்ளிருந்தபடி கைக்குட்டை அளவுக்குச் சுருட்டிவிடலாம். சில மைல்கள் குறையும், குறையட்டும். பெரிய பாய் விரிந்திருந்தால், அதன் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் அடிக்கழியின் முனையிலிருந்து படகின் முன்பகுதிக்கு ஒரு தடுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். இல்லையெனில் காற்று மாறும் ஒரு நொடியில் அந்தக் கழி மறுபக்கம் பாய்ந்து ஆளையும் அடிக்கும், பாய்மரத்தையும் முறிக்கும்.

ஏதேனும் முறிந்தால் கருவிப் பெட்டியைத் தேடாதீர்கள். முதல் வேலை சுக்கானில். பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பி அறுந்தால், காற்று மறுபக்கத்திலிருந்து வரும்படி உடனே திருப்புங்கள். முன்கம்பி அறுந்தால் காற்றோடு ஓடவிட்டு, உபரியாக உள்ள ஆஞ்சான் கயிறு (பாயை மேலேற்றும் கயிறு) ஒன்றை முன்முனைக்குக் கொண்டுபோய் இறுக்குங்கள். பின்கம்பி அறுந்தால் அதற்கு நேர்மாறாக, காற்றை நோக்கித் திருப்பிப் பெரிய பாயின் கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். பாய் இறக்கியிருந்தால் அடிக்கழியைத் தாங்கும் மேல்கயிற்றையே பின்கம்பியாக இறுக்கலாம். யோசிக்க நேரம் இருக்காது என்பதால் இவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். சுமை இறங்கிய பிறகு, டைனீமா என்னும் மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றிக் கட்டினால் அறுந்த கம்பிக்கு அது மாற்றாகும். பாய்மரமே விழுந்தால், அதன் உடைந்த முனை படகின் பக்கவாட்டைக் குத்தித் துளைக்கும் முன் வெட்டிவிட வேண்டும். இயந்திரத்தின் விசிறியில் சிக்கும்படி நீரில் கயிறு எதுவும் கிடக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே இயந்திரத்தை இயக்குங்கள்.

இத்தகைய பேரிடர்களைவிட, ஆட்டோபைலட் (சுக்கானைத் தானே திருப்பும் மின்கருவி) பழுதாவதையே நீங்கள் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறிய பாய் படகைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்க, அதை எதிர்த்துப் போராடியே அதன் மோட்டார் தேய்கிறது; பாயைக் குறைத்தால் அதன் ஆயுளும் நீளும். மாற்றுப் பாகம் இல்லாதபோது இருப்பதைக் கொண்டு செய்துகொள்ள வேண்டியதுதான். தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயம் 2022-இல் தொடங்கியபோது, அதில் இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, காற்றின் திசையைக் கொண்டு படகைத் தானே செலுத்தும் கருவியைச் சரிசெய்யக் கழிப்பறைக் கதவை அறுத்துப் பயன்படுத்தினார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். உங்கள் வழியில் பெரிய பழுது முதல் வாரத்திலேயே தெரிந்தால், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளின் மிண்டெலோ துறைமுகத்துக்குத் திரும்புவதில் தயக்கம் வேண்டாம். அதைத் தாண்டிவிட்டால் வழியில் வேறு துறைமுகம் இல்லை.

நாள்தோறும் வெளிச்சத்தில் தளத்தைச் சுற்றி வந்து, தளத்தில் கிடக்கும் ஆணியோ பின்னோ எங்கிருந்து கழன்றது என்று கண்டுபிடியுங்கள். ஆஞ்சான் கயிறு கப்பியின் மேல் ஒரே இடத்தில் தேயாதபடி தினமும் சில அங்குலம் நகர்த்துங்கள். லாஸ் பால்மாஸை விட்டுக் கிளம்பும் முன், சுக்கான் சக்கரம் பழுதானால் பயன்படும் அவசரச் சுக்கான் பிடியை மாட்டி அரைமணி நேரம் படகை ஓட்டிப்பார்க்கும்படி கேப்டனிடம் கேளுங்கள். பல படகுகளில் அது படுக்கைக்கோ பெட்டிக்கோ இடித்துக்கொண்டு திரும்பாது என்பது அப்போதுதான் தெரியவரும்.