டிக்கி பாதியில நிக்குது, சர்வீஸ் சென்டர் கைய விரிக்குது: கேஸ் போட்டா புது கார் கிடைக்குமா?

ஈரோட்டுல இருந்து ஒரு சார் எழுதியிருக்கார். 26 லட்சத்துக்கு எஸ்யூவி எடுத்து 22 மாசம் ஆச்சாம், வாரண்டி 3 வருஷம். பட்டன அமுத்துனா தானா திறக்குற டிக்கி, ஆறு மாசமா பாதி தூரம் போய் நின்னுட்டு திரும்ப இறங்கிடுது. முதல் தடவை கொண்டு போனப்ப சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிருக்காங்க, ரெண்டாவது தடவை சென்சார் க்ளீனிங், மூணாவது தடவை "ஸ்ட்ரட் (டிக்கிய தூக்கிப் பிடிக்கிற ராடு) தேய்மானம் சார், வாரண்டியில வராது"ன்னு 48,000 ரூபா எஸ்டிமேட். இதுக்கு நடுவுல மளிகை சாமான் எடுக்கக் குனிஞ்ச அவங்க அம்மா தலையில டிக்கி இறங்கி மூணு தையல். வெளியில ஒரு எலக்ட்ரீஷியன் "ஒயர் கட்டாயிருக்கும், 2,500 குடுங்க முடிச்சுத் தர்றேன்"ங்கிறாராம். புது கார் கேட்டு கேஸ் போடலாமான்னு கேக்குறார்.

கேஸ் போடலாம் சார், தாராளமா. ஆனா புது கார்ங்கிற ஆசைய இப்பவே விட்டுடுங்க. 2006லயே ஒரு கிளட்ச் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, வாரண்டியில பழுதான பார்ட்ட மாத்தித் தர்றேன்னுதான் எழுதியிருக்கு, அதுக்காக முழு வண்டிய மாத்திக் குடுன்னு உத்தரவு போட முடியாதுன்னு. டிக்கிக்கு புது வண்டி கேட்டு மனு போட்டா எதிர் தரப்பு வக்கீல் இந்தத் தீர்ப்ப எடுத்து வச்சுட்டு உக்காந்துடுவார், உங்க நியாயமான கோரிக்கையும் அதோட சேர்ந்து அடிபடும்.

உங்க கேஸோட உயிர் வேற இடத்துல இருக்கு. கோளாறு என்னன்னு அவங்க இன்னும் கண்டுபிடிக்கவே இல்ல. நான் மெக்கானிக் இல்ல, ஆனா இந்த மாதிரி கேஸ் நடத்தி நடத்தி கொஞ்சம் கத்துக்கிட்டேன். டிக்கிய தூக்குற அந்த ராடுக்குள்ள மோட்டார் இருக்கு, டிக்கி மூட்ற இடத்துல லாட்ச், ஓரத்துல கை மாட்டுனா உணர்ற ரப்பர் பட்டை, இதையெல்லாம் பாத்துக்க ஒரு கண்ட்ரோல் மாட்யூல். போற வழியில ஏதோ தடுக்குதுன்னு மாட்யூல் நெனச்சா நிறுத்திட்டு திருப்பிடும். அப்படி நெனைக்க வைக்கிறது மோட்டாரா இருக்கலாம், அந்த ரப்பர் பட்டையா இருக்கலாம், பேட்டரி வோல்டேஜ் இறங்கினதா இருக்கலாம், இல்ல கீல் பக்கத்துல ரப்பர் குழாய்க்குள்ள போற ஒயரா இருக்கலாம், ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அது மடங்கி மடங்கி உள்ளயே அறுந்துடும், வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. உங்க எலக்ட்ரீஷியன் சும்மா அடிச்சு விடல. ஒரே கோளாறுக்கு மூணு தடவை மூணு காரணம் சொன்னா அது சேவைக் குறைபாடு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நேரா அடிக்கலாம். தேய்மானம்னு இப்ப சொல்றவங்க முதல் ரெண்டு தடவை அத ஏன் சொல்லலன்னு கேளுங்க.

ஆனா இதெல்லாம் பேப்பர்ல இருக்கணும். என் கட்சிக்காரர் ஒருத்தரோட ஜாப் கார்டுல சர்வீஸ் அட்வைசர் "டெயில்கேட் செக்"னு ரெண்டே வார்த்தை எழுதியிருந்தார், கீழ "ஓகே, ட்ரையல் பாத்தாச்சு", அதுக்குக் கீழ நம்ம ஆளோட கையெழுத்து. நுகர்வோர் கமிஷன்ல அந்தக் கையெழுத்த காட்டித்தான் எங்கள ஒரு வாங்கு வாங்குனாங்க. அதனால நாலாவது தடவை போங்க, "பாதியில நின்னு தானா இறங்குது, இதுல ஒருத்தருக்கு அடிபட்டிருக்கு"ன்னு முழுசா எழுதச் சொல்லுங்க, ஸ்கேனர்ல வந்த ஃபால்ட் கோடு பிரிண்ட் கேளுங்க, தரலேன்னா கேட்டதையே அன்னைக்கே ஈமெயில்ல போட்டுடுங்க. டிக்கி இறங்குறத வீடியோ எடுத்து அந்த போன பத்திரமா வைங்க, பின்னாடி பாரதிய சாக்ஷ்ய அதிநியம்ங்கிற புது சாட்சியச் சட்டத்தோட பிரிவு 63 சான்றிதழோட தாக்கல் பண்ணணும்.

எலக்ட்ரீஷியன் விஷயம். 2,500ல முடிஞ்சா போதும், கோர்ட்டு வேண்டாம்னு இருந்தா செஞ்சுக்குங்க, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல, பல பேருக்கு நானே அதத்தான் சொல்லியிருக்கேன். கேஸ் போடற எண்ணம் இருந்தா மட்டும் அந்த ஒயர்ல கை வைக்க விடாதீங்க. இன்சுலேஷன் டேப் சுத்துன ஒயரப் பாத்த உடனே "வெளியாள் கை வச்சதாலதான் கெட்டுச்சு"ன்னு ஆரம்பிப்பாங்க.

அடுத்து டீலர், கார் கம்பெனி ரெண்டு பேருக்கும் ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ், 15 நாள் டைம். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் புகார் போடுங்க, சில டீலர் அதுக்கே இறங்கி வந்துடுவாங்க. வரலேன்னா உங்க மாவட்ட நுகர்வோர் கமிஷன்தான். இப்ப வரம்பு குடுத்த விலைய வச்சு, 50 லட்சம் வரைக்கும் மாவட்டம், உங்க 26 லட்சத்துக்கு ஃபீஸ் 1,000 ரூபாதான். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், இதச் சொன்னா எங்க ஆளுங்களுக்கு கோவம் வரும். மனுவோட சேத்து அதே நுகர்வோர் சட்டத்தோட பிரிவு 38ன் கீழ நிபுணர் பரிசோதனை கேளுங்க, அரசு இன்ஜினியரிங் காலேஜ் ஆட்டோமொபைல் துறையில இருந்து ஒருத்தர நியமிக்கச் சொல்லலாம். அந்த ரிப்போர்ட் இல்லாம தயாரிப்புக் குறைன்னு எவ்வளவு கத்துனாலும் எடுபடாது. சட்டப்படி பரிசோதனை இருக்குற கேஸ் 5 மாசத்துல முடியணும், நடப்புல அதுக்கு மேலயும் இழுக்கும்.

கேக்க வேண்டியது என்னன்னா, பழுதான பார்ட்ட காசில்லாம மாத்தணும், அலைச்சலுக்கு நஷ்ட ஈடு, அம்மாவோட மருத்துவச் செலவு, வழக்குச் செலவு. அம்மா கார் வாங்கலையேன்னு தயங்காதீங்க, வாங்குனவர் சம்மதத்தோட பயன்படுத்துறவங்களும் நுகர்வோர்தான், அவங்க பேரையும் மனுதாரரா சேருங்க. ஆஸ்பத்திரி சீட்டு, பில்லு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. கேஸ் போடக் கெடு 2 வருஷம், பிரச்சனை ஆரம்பிச்ச தேதியில இருந்துன்னு நம்ம வாதாடலாம், ஆனா வாங்குன தேதியில இருந்து எண்ணுவோம்னு அவங்க நிப்பாங்க, அந்தக் கணக்குல உங்களுக்கு இன்னும் 2 மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள தாக்கல் பண்ணிட்டா அந்தச் சண்டையே வராது.

அதுவரைக்கும் செட்டிங்ஸ்ல பவர் டிக்கிய ஆஃப் பண்ண வழி இருந்தா பண்ணிட்டு கையாலயே மெதுவா திறங்க, தூக்கின டிக்கி நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் குனிங்க. கோளாறுன்னு தெரிஞ்சும் பயன்படுத்துனாங்கன்னு நாளைக்கு அவங்க சொல்லக் கூடாது, அதவிட முக்கியம், அம்மாவ அந்தப் பக்கம் விடாதீங்க.