சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் ஏன் அனுமதி கேட்பதில்லை?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும். அவற்றுக்கு அப்பால் நிற்காமல் போகிறவற்றுக்கு இருப்பது கடப்புரிமை: அனைத்துலக நீரிணையில் எந்த நாட்டுக் கப்பலும் தடையின்றிக் கடந்து போகலாம்.

இது பேரம் பேசிக் கிடைத்தது. கரையோர நாடுகள் தங்கள் எல்லையை 3 கடல் மைலிலிருந்து 12 ஆக்கக் கேட்டன. அப்படி ஆனால் குறுகலான நீரிணைகள் முழுவதும் யாரோ ஒருவரின் எல்லைக்குள் போய்விடும். சரி, 12 எடுத்துக்கொள்ளுங்கள், வழியை அடைக்காதீர்கள் என்றன பெரிய கடற்படை நாடுகள். 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தில் இரண்டும் சேர்ந்தே இடம்பெற்றன. அதை உருவாக்கிய ஐ.நா. மாநாட்டை முடித்து வைத்த தலைவர் நம் சிங்கப்பூர்த் தூதர் டாமி கோ என்பதில் எனக்குப் பெருமை.

இந்த உரிமை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பொது நடைபாதை மாதிரிதான். நம் வாசலை ஒட்டிப் போனாலும் அண்டை வீட்டார் நடப்பதைத் தடுக்க முடியாது.

ஆனால் கடப்புரிமை இருப்பதாலேயே அங்கே மீன் பிடிக்கலாம், துறைமுகத்துக்குள் நுழையலாம் என்று பலர் நினைப்பது தவறு. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும்.