கேட்டதும் சொன்னதும்: மரப்பட்டைக் கிராமம்

கேள்வி: அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கும் மகள் எங்களைக் கூப்பிடுகிறாள். அங்கே ஒஜிப்வே பழங்குடியினரின் பழைய கிராமத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்களாம். ‘குடிசை பார்க்கவா பிளேன் ஏறணும்?’ என்கிறார் வீட்டுக்காரர். போகலாமா ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகப் போங்கம்மா. குடிசை என்று லேசாகச் சொல்லிவிட்டார். இளங்கம்புகளை வளைத்துக் கட்டி, மேலே பிர்ச் மரப்பட்டையைப் போர்த்தியிருப்பார்கள். படகுக்கும் அதே பட்டைதான். ஸ்புரூஸ் மரத்தின் வேரால் தைத்து, தையலில் பிசின் பூசுவார்கள். அதைக் குனிந்து பாருங்கள்.

அவர் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர் என்றால் மேப்பிள் மரத்தைக் காட்டுங்கள். குளிர் விடும் நேரத்தில் மரத்தைக் கீறி, நீர் வடித்து, காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்கள். சுமார் 40 லிட்டர் வடித்தால்தான் 1 லிட்டர் பாகு! பால் கணக்கு எழுதும் நம்ம தோட்டத்துக் கிராணி இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்றால் ஏரிகளில் காட்டரிசி அறுவடை. ஒருவர் படகைக் கழியால் தள்ள, இன்னொருவர் கதிரை வளைத்து இரண்டு குச்சிகளால் தட்டுவார். தண்ணீரில் விழுவது அடுத்த வருஷ விதை. வாங்கும்போது ஏரியில் எடுத்ததா என்று கேளுங்கள். வயலில் பயிரிட்டதையும் அதே பெயரில் விற்கிறார்கள்.