வாட்டர்லூ போர்க்களம் செய்து விற்கிறேன்... கடன் வாங்கி விரிவுபடுத்தலாமா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில், சிறு பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுகளுக்கான நிலப்பரப்புகளைக் கையால் செய்கிறேன். இங்கிலாந்திலிருந்து முதல் ஆர்டர் வந்திருக்கிறது: 1815 வாட்டர்லூ போரின் ஹூகுமோன் பண்ணை, 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏற்றபடி, 6-க்கு 4 அடியில். கூரியர் உட்பட 60,000 ரூபாய் சொல்லியிருக்கிறேன். பொருள் செலவு 9,000; வேலை 90 மணி நேரம். 51,000 லாபம் வருகிறதே, 3 லட்சம் தனிநபர் கடன் எடுத்து லேசர் கட்டரும் 3டி பிரின்டரும் வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் கணக்கில் கூரியர் செலவே இல்லை.

இரண்டடிக்கு இரண்டடி பலகைகள் ஆறு. 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான, லேசான பாலிஸ்டைரீன்) ஃபோமில் செய்து அடுக்கினால், கட்டடங்களும் பஞ்சு உறையும் சேர்த்து, பெட்டி 66×66×40 செ.மீ. வரும். உண்மையான எடை பத்து கிலோவாக இருந்தாலும் கூரியர்காரர்கள் பெட்டியின் கன அளவை (கன செ.மீ.யில்) 5,000-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள்: 34.8, அதாவது 35 கிலோவுக்குக் கட்டணம். கிலோவுக்கு 600 ரூபாய் என்றாலே 21,000 போய்விடும். மிச்சம் 30,000, மணிக்கு 333 ரூபாய். அதிலும் ஒரு பலகை கெட்டால் இன்னும் குறையும்.

பலகை கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். சாதாரண ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் ஃபோமை அரித்துவிடும். அதனால் ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து முதலில் முழுவதும் பூசுங்கள். அடியில் ஒட்டிய 3 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மரத்தூள் பலகை), ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் வளையும். இரு பக்கமும் பூசி, எடை வைத்துக் காய விடுங்கள். மேலே பூசும் சுவர்ப் பட்டியை (வால் புட்டி) ஒரேயடியாகத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். மெல்லிய பூச்சாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

கடன் விஷயத்துக்கு வருவோம். 14% வட்டியில் 3 ஆண்டுக்கு 3 லட்சம் எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250. வட்டி மட்டும் 69,000-ஐ ஒட்டி வரும். அந்த மெஷின் உங்கள் 90 மணி நேரத்தில் எவ்வளவு மிச்சப்படுத்தும்? உங்கள் நேரம் போவது பூச்சிலும் டிரை பிரஷிலும் (கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் நிறம் தேய்ப்பது) புல் ஒட்டுவதிலும்தான். லேசரில் எக்ஸ்.பி.எஸ். உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். காற்றோட்டமான இடத்தில் ஒரு ஹாட் வயர் கட்டர் (சூடான கம்பியால் ஃபோமை வெட்டும் கருவி) போதும்.

விரிவுபடுத்த வேண்டுமானால் விற்கும் பொருளை மாற்றுங்கள். ஹூகுமோனின் துப்பாக்கித் துளைச் சுவரையே (உள்ளிருந்து சுடுவதற்குத் துளைகள் போட்ட சுவர்) எடுத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏற்ற 1:56 அளவில் 2 மீட்டர் சுவர் சுமார் 36 மி.மீ. உயரம். 10 மி.மீ. ஃபோம் பட்டையில் பால்பாயின்ட் பேனாவால் செங்கல் கோடு கீறி, 3 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, செங்கல் சிவப்பு அடித்து, மேலே வெளிர் நிறத்தை டிரை பிரஷ் செய்தால் முடிந்தது. 15 செ.மீ. நீளத்தில் 24 துண்டுகள் 20×20×20 செ.மீ. பெட்டியில் அடங்கும். கட்டண எடை 1.6 கிலோதான். இதே சுவர் ஐரோப்பாவின் வேறு பல போர்க்களங்களுக்கும் பொருந்தும், எனவே முன்கூட்டியே செய்து வைக்கலாம்.

கையில் உள்ள ஆர்டரை விட வேண்டாம். கூரியரைத் தனியாகக் கணக்கிட்டு வாடிக்கையாளரிடம் இன்றே பேசி, 50% முன்பணம் வாங்குங்கள். 135 பவுண்டுக்கு மேற்பட்ட சரக்குக்கு அங்கே இறக்குமதியின்போது 20% வாட் உண்டு. அதை அவரே கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அனுப்பும் முன் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கான எண்), ஜி.எஸ்.டி. பதிவு, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யு.டி. (உறுதிமொழிக் கடிதம்) ஆகிய மூன்றையும் ஆடிட்டர் மூலம் முடித்துவிடுங்கள். பேச்சுவார்த்தையில் கூரியரை ஏற்க அவர் மறுத்தால், பலகைகளை விட்டுவிட்டு பண்ணைக் கட்டடங்களையும் சுவர்களையும் மட்டும் அனுப்புவதாகச் சொல்லிப் பாருங்கள்.