வாசகர் கேள்வி – பதில்: நாயோடு வாழ்தல்

நாய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தபோது அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நாய் நம்மிடம் காட்டுவது உண்மையான அன்புதானா, அல்லது வேளாவேளைக்கு உணவு கிடைப்பதால் வந்த பழக்கமா? பழக்கம்தான் என்று என் மகன் வாதிடுகிறான்.

பதில்: உங்கள் மகனின் ஐயம் நியாயமானதே. ஆனால் உணவு ஒன்றையே காரணமாகக் கொண்டால் விளங்காத செய்திகள் சில இருக்கின்றன. நாயும் அதை வளர்ப்பவரும் ஒரே அறையில் சிறிது நேரம் இருந்த பிறகு, இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் அளவை ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, அதன் முடிவை 2015இல் வெளியிட்டார்கள். நாய் தன்னை வளர்ப்பவரின் கண்களை நெடுநேரம் நோக்கியிருந்தால், அவருக்கும் நாய்க்கும் அந்த ஹார்மோன் கூடியிருந்தது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே பாசம் வேரூன்றத் துணை நிற்பதும் இதே ஹார்மோன்தான். மனிதர்களே வளர்த்த ஓநாய்களையும் அவர்கள் சோதித்தார்கள். அவற்றுக்கும் மனிதர்கள்தாம் உணவு ஊட்டினார்கள். இருந்தும் இந்த மாற்றம் அவற்றிடம் காணப்படவில்லை.

அன்பு மறுபக்கத்திலிருந்தும் பழமையானது. ஜெர்மனியில் பான் நகரத்தை அடுத்த ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்த நாயின் பற்களை மீண்டும் ஆராய்ந்து 2018இல் வெளிவந்த கட்டுரை, அது குட்டியாக இருக்கும்போதே டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய்க்கு ஆளாகிப் பல வாரங்கள் துன்புற்றதென்றும், யாரேனும் அருகிலிருந்து கவனித்திராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாதென்றும் கூறுகிறது. வேட்டைக்கோ காவலுக்கோ சிறிதும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை அந்த மனிதர்கள் பேணியிருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் கணக்கு இரு பக்கத்திலும் பொருந்தவில்லை என்பதை உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் வெளியே சென்று திரும்புவதற்குள் எங்கள் ஒரு வயது நாய் செருப்புகளைக் கடித்துக் குதறி வைக்கிறது. என் கணவர் வந்ததும் அடிக்கிறார். அது காதுகளை மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. செய்த தவறு அதற்குத் தெரிகிறது, ஆகவே அடிப்பதில் பிழையில்லை என்கிறார் அவர்.

பதில்: அந்தப் பார்வையை உங்கள் கணவர் பிழையாகப் படிக்கிறார். பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதை நுட்பமாகச் சோதித்தார். தின்னக்கூடாது என்று நாயிடம் சொல்லித் தின்பண்டம் ஒன்றை வைத்துவிட்டு வளர்ப்பவர் வெளியேற வேண்டும். திரும்பியதும் நாய் தின்றுவிட்டதா இல்லையா என்பதை ஆய்வாளர் அவருக்குச் சொல்வார். சில முறை அச்செய்தி வேண்டுமென்றே மாற்றிச் சொல்லப்பட்டது. முடிவில் தெரிந்தது இதுதான்: குற்றவாளியைப் போன்ற அந்த முகபாவம், நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை, வளர்ப்பவர் கடிந்துகொண்டாரா என்பதைப் பொறுத்தே வந்தது. எந்தத் தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் மிகுதியாகத் தென்பட்டது. அதாவது அந்தப் பார்வை குற்றவுணர்வு அன்று, அச்சம். எதிரே நிற்பவரின் சினத்தைத் தணிக்க அந்த உயிருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

செருப்பைக் கடித்து இரண்டு மணி நேரம் கழித்து விழும் அடியை, நாய் செருப்போடு தொடர்புபடுத்திக்கொள்ளாது. அடி விழும் கணத்தில் என்ன நடக்கிறதோ அதனோடுதான் தொடர்புபடுத்தும். அந்தக் கணத்தில் நடப்பது உங்கள் கணவர் வீடு திரும்புவது. தான் நாள் முழுவதும் எதிர்பார்த்திருக்கும் மனிதரின் வருகையையே அஞ்சக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு ஒரு நாயைத் தள்ளுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. போர்த்துகலில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப்பட்டையை வெடுக்கென இழுப்பது, அதட்டுவது போன்ற முறைகளால் பயிற்றப்பட்ட நாய்களிடம், வெகுமதி கொடுத்துப் பயிற்றப்பட்டவற்றைக் காட்டிலும் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் கூடுதலாக ஏறியிருந்தது.

ஒரு வயது நாய்க்கு இளமையின் துடிப்பு அடங்கியிருக்காது. தனிமையும் சலிப்பும் சேரும்போது அது வாயால்தான் பொழுதைக் கழிக்கும். உங்கள் மணம் ஊறிய பொருளாதலால் செருப்பை நாடுகிறது. செருப்புகளை எட்டாத இடத்தில் வையுங்கள். கடிப்பதற்கென்றே பொருள்கள் கொடுங்கள். வெளியே புறப்படுமுன் அதை நடத்திச் சென்று, வழியெங்கும் நிதானமாக மோப்பம் பிடிக்க விடுங்கள். மோப்பம் பிடிப்பது நாயின் மூளைக்கு நல்ல உழைப்பு. அதன்பின் அது படுத்து உறங்கவே விரும்பும். தனக்குரிய பொருளைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அந்த நேரத்திலேயே பாராட்டுங்கள். நீங்கள் சென்றதும் ஊளையிடுவது, கதவைப் பிறாண்டுவது, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிப்பது ஆகியவையும் இருந்தால், அது குறும்பு அன்று. பிரிவைத் தாங்க முடியாத பதற்றம். அதற்குக் கால்நடை மருத்துவரின் உதவி தேவைப்படும்.

கேள்வி: காவலுக்காக நாயைப் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. அச்சமூட்டுவது எதுவாயினும் அதை விட்டு விலகிச் செல்வதே நாயின் முதல் விருப்பம். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுவதால், சீறுவதும் பாய்வதும் மட்டுமே எஞ்சுகின்றன. கட்டிப்போட்ட நாய் கடுகடுப்பாக இருப்பதைப் பலர் காவல் திறன் என்று நினைக்கிறார்கள், அது துன்பம்.

கேள்வி: ஐந்து வயது மகள் எங்கள் நாயைக் கட்டியணைத்தபோது அது உறுமியது. இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. உறுமியதற்காக அதைக் கண்டித்தேன். இனி அதை வீட்டில் வைத்திருக்கலாமா என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: உறுமல் ஓர் எச்சரிக்கை, கடிக்க விரும்பாத நாய்தான் உறுமுகிறது. உறுமலுக்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் படக்கூடும். ஆகவே உறுமலைக் கண்டிப்பதை விட்டுவிட்டு, உறுமலுக்கு முன்னால் நாய் என்னென்ன சொல்லியிருக்கும் என்று கவனியுங்கள். களைப்பில்லாதபோதும் கொட்டாவி விடுதல், உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குதல், முகத்தை அப்புறம் திருப்புதல், கண்ணின் வெண்பகுதி பிறை போலத் தெரிய ஓரமாகப் பார்த்தல், உடல் விறைத்து அசையாதிருத்தல் ஆகிய அனைத்தும் 'சற்று விலகிக்கொள்' என்ற வேண்டுகோள்களே. வால் ஆடுவதை மட்டும் பார்த்து அது மகிழ்ச்சியில் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். கிளர்ச்சியிலும் பதற்றத்திலும்கூட வால் ஆடும்.

கழுத்தைச் சுற்றி இறுக அணைப்பது நமக்கு அன்பு. பல நாய்களுக்கோ அது அகப்பட்டுக்கொள்வது. மகளை நாயிடம் போகச் சொல்லாமல் நாயை அவளிடம் வரவிடுங்கள். தோளிலோ மார்பிலோ தடவச் சொல்லுங்கள். இடையிடையே கையை எடுத்துவிட்டு, நாய் மீண்டும் நெருங்கி வருகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடக்கூடாது. பெரியவர் அருகில் இல்லாமல் இருவரையும் தனியே விடவும் கூடாது. இதுவரை உறுமாத நாய் உறுமியதால், காதிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நாய்களிடம் அன்பு காட்டச் சொல்பவர்கள் கடிபட்டவர்களை நினைப்பதே இல்லை. தெருவில் நாயைக் கண்டாலே நடுங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் பதில் என்ன?

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்களிடமிருந்தே தொற்றுகிறது. அறிகுறிகள் தோன்றிய பிறகு பிழைப்பவர் மிக அரியர். எனவே கடிபட்டாலும் பிறாண்டப்பட்டாலும், காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மருந்துத் தவணைகளை இடையில் நிறுத்தக்கூடாது.

அந்த அச்சத்தைப் போக்கும் வழியும் நாய்களின் நலனிலேயே இருக்கிறது. ஓரிடத்தில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வந்தால் நோய் அவற்றிடையே பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நாய்களைக் கொன்று குவிப்பதால் நோய் ஒழிவதில்லை. தடுப்பூசி பெற்றவையும் சேர்ந்து அழிய, அவ்விடத்துக்குத் தடுப்பூசி பெறாத புதிய நாய்கள் வந்து சேரும். கல்லெறிவதோ, மனிதர் கையை உயர்த்தினாலே எதிர்த்து நிற்க நாயைப் பழக்குகிறது. நாய் உங்களை நோக்கி வந்தால் ஓடாதீர்கள், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். கைகளைத் தாழ்த்தி, சற்றுப் பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நில்லுங்கள். அது ஆர்வம் இழந்ததும் மெல்ல விலகுங்கள். நாய்களை நேசிக்க வேண்டுமென்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த இயலாது. துன்புறுத்தாதிருந்தால் போதும்.

கேள்வி: விண்வெளிக்கு அனுப்பப்பட்ட லைகாவைப் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டு மகள் அழுதாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: உண்மையைச் சொல்லுங்கள். மாஸ்கோ தெருக்களில் திரிந்த அந்த நாய், 1957 நவம்பர் 3ஆம் நாள் ஸ்புட்னிக் 2 கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்டது; அதைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இல்லை. வெப்பம் மிகுந்ததால் அது சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்பது 2002இல்தான் வெளியானது. அத்திட்டத்தில் பணியாற்றிய ஒலெக் கசென்கோ, ஒரு நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அப்பயணத்தில் தாங்கள் எதையும் கற்கவில்லை என்று 1998இல் வருந்திப் பேசினார். அவரே வருந்திய ஒன்றுக்கு உங்கள் மகள் அழுதிருக்கிறாள். அவளைத் தேற்றுங்கள், அழக்கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு 14 வயது. சுவரில் முட்டிக்கொள்கிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, இரவில் காரணமின்றிக் குரைக்கிறது. ஊசி போட்டு விடுவிப்பதே கருணை என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: முதுமை என்று நாம் ஒதுக்கிவிடும் தொல்லைகளில் பல, மருத்துவத்தால் தணியக்கூடியவை. சிறுநீர்த் தொற்று, மூட்டு வலி, கண்புரை, மனிதர்க்கு வரும் மறதி நோயை ஒத்த மூளைத் தளர்ச்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் செய்யத்தக்கது ஏதேனும் உண்டு. ஆகவே முடிவெடுக்குமுன் முழுமையாகப் பரிசோதியுங்கள். வீட்டில் பொருள்களை இடம் மாற்றாதீர்கள். பார்வை மங்கிய நாய் நினைவைக் கொண்டுதான் நடக்கிறது. வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள், வெளியே அடிக்கடி அழைத்துச் செல்லுங்கள், இரவில் சிறு விளக்கொன்று எரியட்டும்.

உண்ண விருப்பம் இருக்கிறதா, வலியின்றி எழ முடிகிறதா, உங்களைக் கண்டால் இன்னும் மகிழ்கிறதா என்று நாள்தோறும் குறித்து வையுங்கள். நல்ல நாள்களைத் தீய நாள்கள் விஞ்சி, இனி வலியைக் குறைக்க வழியில்லை என்று மருத்துவரும் சொன்னால், அப்போது இசைவதை நான் துரோகமாகக் கருதவில்லை. ஆனால் அந்த நேரத்தில் தயவுசெய்து வெளியே காத்திருக்காதீர்கள். அறிமுகமில்லாத அறையில் அது தேடப்போவது உங்கள் குரலையும் மணத்தையும்தான். வீட்டுக்கே வந்து செய்ய இயலுமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். பலர் கேட்டால் வருகிறார்கள்.